முதியோருக்கு உடம்பு தேய்க்கும் பொடி: எதை எவ்வளவு போடலாம்?

வைகைக்கரை: மதுரை திருநகர்ல 12 பெரியவங்களுக்குக் கைவேலை வகுப்பு. சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஸ்க்ரப் (உடம்புல தேய்ச்சுக் கழுவுற கலவை) செய்யலாமா?

மல்லிப்பந்தல்: 1 கப் சர்க்கரைக்கு அரை கப் எண்ணெய். சர்க்கரையை மிக்ஸியில ஒரே ஒரு சுத்து விடுங்க; வயசான தோல் மெலிசு, முழுப் பரல் கீறிடும். உப்பு வேண்டாம், சின்னக் கீறல்லகூட எரியும். எலுமிச்சையும் வேண்டாம். மதுரை வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் உறையாது. சர்க்கரை அடியில தங்கி எண்ணெய் மேல மிதக்கும். கிளறிட்டுத்தான் எடுக்கணும். ஈரக் கை பட்டா சர்க்கரை கரைஞ்சு பாகாயிடும்.

பழைய அம்மி: எண்ணெய் குளியலறைத் தரையில சிந்தினா வழுக்கும், அதான் பெரிய ஆபத்து. என் ஓட்டு நலங்கு மாவுக்கே, அதாவது தேய்ச்சுக் குளிக்கிற பொடிக்கு. பாசிப்பயறு 200 கிராம், காய்ஞ்ச ரோஜா இதழ் 50 கிராம், பூலாங்கிழங்கு 25 கிராம், கஸ்தூரி மஞ்சள் 20 கிராம். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகள்ல கேளுங்க. அரைச்சதை ஆறவிட்டு, மெல்லிய துணியில சலிக்கணும். சூட்டோட டப்பால அடைச்சா வேர்த்துக் கட்டி தட்டும். இதழ் உதிர்க்கிறதைப் பெரியவங்ககிட்ட விட்டுடுங்க. சலிக்கறப்ப முகக்கவசம், தூசி இருமல் கிளப்பும்.

வைகைக்கரை: கை நடுங்கறவங்களுக்கு?

மல்லிப்பந்தல்: வாய் அகலமான பாத்திரம், அடியில ஈரத்துணி. முழங்கை மடிப்புல ஒரு நாள் தடவிப் பார்த்துட்டுக் கொடுங்க. சுகர் உள்ளவங்க பாதத்துல தேய்க்கவே கூடாது.