மென்டர் நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரியா? வழி சொல்லுங்கள்

தருமபுரி_காமர்ஸ்:
வணக்கம். தருமபுரியில் ஒரு கலைக்கல்லூரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர், இது மூன்றாவது வருடம். 24 பிள்ளைகளுக்கு நான் மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்), அவர்கள் என் மென்டீ என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று நான் கேட்க, "இல்லைங்க சார்" என்று 24 பேரும் சொல்ல, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் கமிட்டி வந்தால் காட்ட ஃபைலில் சொருகிவிடுகிறோம். மொத்தம் அரை மணி நேரம்.

போன மாதம் அதில் ஒரு பெண் படிப்பை நிறுத்திவிட்டாள். அவள் பக்கத்தைப் புரட்டினேன். ஏழு கையெழுத்து, ஏழு இடத்திலும் "நன்றாகப் படிக்கிறார்" என்று நானே எழுதியிருக்கிறேன். பென்னாகரம் பக்கம் என்று மட்டும் தெரியும், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளோடு உண்மையாக ஒட்டுவது எப்படி? வேலை நிரந்தரம் இல்லாதவன், டூர், செலவு எல்லாம் ஆகாது.

கிருஷ்ணகிரி_வேதியியல்:
சார், எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. கையில் ஒரு வேலை இருந்தால் தானாகப் பேசும்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான், சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வான். பல்லில் பழுப்புக் கறை, போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்தால் வருவது. நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் இது புதிதா, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறந்ததே இந்த ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தானே. பல்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்க ஊர் போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வாப்பா என்றேன். லேபில் ஃப்ளோரைடு சோதிக்க வைத்திருக்கும் சிவப்புச் சாயத்தை விட்டுப் பார்த்தோம். சாயத்தோடு இருக்கும் ஜிர்கோனியத்தை ஃப்ளோரைடு பிடித்து இழுத்துக்கொள்ளும், அதனால் நிறம் வெளுக்கும், எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. ஒரு சோதனைக் குழாயில் ஆற்றுத் தண்ணீர், பக்கத்துக் குழாயில் அவன் ஊர் தண்ணீர். அவனுடையது கண்ணெதிரே வெளுத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "இதைத்தான் மேடம் நாங்க சின்ன வயசுல குடிச்சோம்" என்றான்.

அதற்கப்புறம் ஒரு செமஸ்டர் முழுக்க ஒன்பது போர் தண்ணீரைச் சோதித்தோம். அப்பாவின் கடன், அக்கா கல்யாணம் எல்லாம் பாட்டில் கழுவும்போது வந்த பேச்சுதான். ஒரு நாள் நான் ரீடிங்கைத் தப்பாக எழுதியதை அவன் திருத்தினான். அன்றுதான் இவன் என் மாணவன் என்று தோன்றியது (சொன்னால் சிரிப்பீர்கள்).

ஓசூர்_ஷிப்ட்காரன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் உஷார். எனக்கு வாய்த்த மென்டர் ப்ராஜெக்ட் என்று சொல்லி அவருடைய பிஎச்டி கேள்வித்தாளை வீடு வீடாக நிரப்ப அனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை, வெயிலில் நடந்ததுதான் மிச்சம். பிள்ளைகளை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் சார், வேலை வாங்காதீர்கள்.

அப்புறம், மூன்றரைக்கு மேல் மீட்டிங் போடாதீர்கள். எங்கள் ஊருக்கு நாலு மணி டவுன் பஸ்ஸை விட்டால் ஆறே முக்காலுக்குத்தான் அடுத்தது. மாங்காய் சீசனில் என்னோடு படித்த பாதிப் பேர் மாம்பழக் கூழ் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குவார்கள், அக்கறை இல்லாத பசங்க என்று திட்டு வாங்குவார்கள். நான் எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி போனவன். எனக்கு வேண்டியிருந்தது அறிவுரை இல்லை, அரியர் ஃபீஸ் கடைசித் தேதி எப்போது, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும், இவ்வளவுதான். அதைச் சொன்னது லைப்ரரி அட்டெண்டர் அண்ணன். நோட்டில் அவர் பெயர் இல்லை, ஆனால் என்னைக் கேட்டால் அவர்தான் மென்டர்.

அரூர்_தமிழய்யா:
24 பேரையும் ஏன் தம்பி ஒற்றைத் தலையில் சுமக்கிறீர்கள்? நன்னூல் போடும் கணக்கைப் பாருங்கள். ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டவனுக்குக் கால் பங்குதான் ஏறும், கூடப் படிப்பவர்களோடு பழகி இன்னொரு கால், அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்றுக்கு முதல் வருடத்தில் மூன்று பேரைக் கோத்துவிடுங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் 2014-ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000 பட்டதாரிகளிடம் கேட்டார்கள். என்னை ஊக்கப்படுத்திய மென்டர் ஒருவர் இருந்தார் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 22 சதவீதம், ஒரு செமஸ்டருக்குக் குறையாமல் ஒரே ப்ராஜெக்டில் வேலை செய்தவர்கள் 32 சதவீதம். காசு கொட்டிப் படிக்கும் ஊரிலேயே இந்த லட்சணம். ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள்.

தருமபுரி_காமர்ஸ்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. மீட்டிங்கை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டேன். காஸ்டிங் (அடக்க விலைக் கணக்கு) பாடத்துக்குப் புளி எடுத்துக்கொண்டோம். பாதிப் பேர் வீட்டில் அம்மா கொட்டை எடுக்கிற வேலைதான் செய்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று. ஓடு, நார், கொட்டை, சுளை எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று கணக்கு எழுதச் சொன்னேன். மூன்று வருடமாக "இல்லைங்க சார்" தவிர வேறு பேசாத ஒரு பெண் எழுந்து, "சார், கொட்டையைத் தனியா விக்கிறாங்களே, அந்தக் காசு யார் கணக்குல போகுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சனிக்கிழமை மண்டியில் போய்க் கேட்கப் போகிறோம், அவள்தான் கூட்டிப் போகிறாள்.

நின்றுபோன அந்தப் பெண்ணின் ஊரையும் விசாரித்துவிட்டேன். போன் இன்னும் எடுக்கவில்லை.