செத்த புழுவைத் தேடாதீர்கள்

அலங்காநல்லூர் பக்கம் கொஞ்ச நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போடுகிறோம். மருந்துக்கடைப் பக்கம் போகாமல் பூச்சியைச் சமாளிக்கிறோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு என்ன அளவு என்பதுதான். சொல்லிவிடுகிறேன். ஆனால் அளவு மட்டும் தெரிந்தால் போதாது.

வேப்பமுத்தை உடைத்தெடுத்த பருப்பு 5 கிலோ. இடித்துத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் நன்றாகப் பிழிந்து 100 லிட்டராக்கணும். காதி சோப்புக் கொஞ்சம் கரைத்துச் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். வெயிலில் வீரியம் போய்விடும், அதனால் சாயங்காலம் அடிக்கணும். ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி நிழலில் காயவைத்த முத்து நல்லது. பூசணம் பிடித்தது வேண்டவே வேண்டாம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இதை அடித்துவிட்டு, "என்னப்பா, ஒரு புழுகூடச் சாகலையே" என்று வந்து நின்றார். கடை மருந்து அடித்தால் மறுநாளே புழு செத்துக் கிடக்கும், அவர் அதைப் பார்த்தே பழகியவர். வேம்பு அப்படி வேலை செய்யாது. புழுவைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவிடாது, தாய்ப்பூச்சி முட்டையிட வருவதையும் குறைக்கும். பாத்திக்குள் கூட்டிப்போய்த் துளிரைத் திருப்பிக் காட்டினேன். ஓட்டை எல்லாம் பழைய இலையில்தான், புது இலை முழுசாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் வேறு கதை. காய்க்குள் போய்விட்ட புழுவுக்கு எந்தக் கரைசலும் எட்டாது. நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி எடுத்து எரித்துவிடணும். வரப்பில் வீசினால் புழு வெளியே வந்து சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி அந்துப்பூச்சியாகத் தோட்டத்துக்கே வரும். எங்கள் வீட்டில் மதினிதான் காலையில் வரிசை வரிசையாகப் போய்க் கிள்ளுவார். எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றியதில் அவர் கைக்குத்தான் பெரிய பங்கு. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வைப்பது வழக்கம். அதில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும் என்றாலும், விழ ஆரம்பித்ததுமே உஷாராகிவிடலாம்.

மேலூரில் மாமா தோட்டத்தில் நடந்ததையும் சொல்லணும். வரப்போரத் தட்டைப்பயறில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. அதன்மேல் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. மாமா மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டிவிட்டார். "மாமா, அடிச்சிராதீங்க, பொறிவண்டோட புழு இது" என்று தடுத்தேன். அவர் நம்பவில்லை. சரி, கொஞ்ச நேரம் பாருங்கள் என்று உட்காரவைத்தேன். அது அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதைப் பார்த்ததும் அவரே டேங்கை இறக்கிவைத்தார். வண்டாக மாறிய பிறகு எல்லோருக்கும் அடையாளம் தெரியும், புழுவாக இருக்கும்போதுதான் விரோதி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறோம்.

வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய்க்கு மருந்தே கிடையாது. முதலில் மஞ்சளாகும் செடியைப் பிடுங்கிவிடுவோம். நோயைப் பரப்பும் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ள மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவி நட்டுவைப்போம், அது உள்ளே வராமல் தடுக்க ஓரத்தில் சோளம் நெருக்கமாக விதைப்போம்.

பாகலில் பழ ஈதான் இன்னும் தொல்லை. பிஞ்சிலேயே காகிதப் பை கட்டினால் காய் தப்பிக்கிறது, ஆனால் வேலை தாங்கவில்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பந்தல் போட்டிருப்பவர்கள் இதற்கு என்ன செய்கிறீர்கள்?