டூரிங் பூட்ஸ்: அகன்ற முன்பாதத்துக்கு எந்த அளவு பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பகுதியில் வரும் பனிக்காலத்தில் பனிச்சறுக்கு மலையேற்றம் செய்வதற்காக டூரிங் பூட்ஸ் வாங்கவிருக்கிறேன். அளவைத் தீர்மானிப்பதில் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவைப்படுகிறது.

எழுந்து நின்று அளந்தால் என் பாதத்தின் நீளம் 26.3 செ.மீ., முன்பாதத்தின் அகலம் 104 மி.மீ.; குதிகாலோ மிகவும் ஒடுங்கியது. பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும் மாண்டோபாயின்ட் கணக்கில் எனக்குரியது 26.5. பூட்ஸின் மென்மையான உள்ளுறையைக் கழற்றிவிட்டு, விரல்நுனிகள் முன்சுவரைத் தொடும்படி கடினமான வெளி ஓட்டுக்குள் மட்டும் காலை வைத்துப் பார்த்தபோது, குதிகாலுக்குப் பின்னால் ஏறத்தாழ 12 மி.மீ. இடைவெளி இருந்தது. நீளம் சரிதான் என்றாலும், சுண்டுவிரல் மூட்டு பக்கச்சுவரில் அழுந்துகிறது. 27.5 அணிந்தால் அந்த அழுத்தம் நீங்கினாலும், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலெழுகிறது. ஆயிரம் மீட்டர் ஏற வேண்டிய நாளில் அது கொப்புளத்தில்தான் முடியும். சிறிய அளவு ஓடு என்றால் சூடாக்கி விரிக்கலாம், பெரியதைச் சுருக்க வழியில்லை என்பதால் என் மனம் 26.5 பக்கமே சாய்கிறது.

நான் பார்த்திருப்பது 100 மி.மீ. அகலமுள்ள, கிரிலமிட் என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆன ஓடு. அது பூட்ஸ் ஓடுகளுக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்கான பாலியூரித்தேனைப் போல எளிதில் இணங்காது, விரித்த பின்னும் பழைய வடிவத்துக்குச் சற்றுத் திரும்பும் என்கிறார்கள். இத்தகைய ஓட்டைச் சுண்டுவிரல் பக்கம் விரித்தவர்கள், அது பருவம் முழுவதும் நிலைத்ததா என்று தெரிவிக்க இயலுமா? உள்ளுறையைச் சூட்டில் வார்ப்பதை அதற்கு முன் செய்தீர்களா, பின் செய்தீர்களா என்பதையும் குறிப்பிட்டால் நன்றியுடையவனாவேன்.