பொருள்: ஆறாம் மாதத்து உணவுக்கு என்ன பெயர்? (கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது)

வ., செம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் தமிழ்த் தாய்மார்களுக்காக, குழந்தையின் முதல் ஓராண்டுப் பாலூட்டல் பற்றி ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சீம்பால், பால்கட்டு, பால் பீய்ச்சுதல் இவற்றிலெல்லாம் சிக்கலில்லை. வீட்டுச் சொல்லே இருக்கிறது. 'வீனிங்' (weaning) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் நின்றுவிட்டேன்.

அகராதியைப் புரட்டினால் 'பால்மறப்பு', 'பால்குடி மறக்கச் செய்தல்' என்று வருகிறது. ஆனால் அந்த அத்தியாயம் ஆறு மாதம் முடிந்த குழந்தையைப் பற்றியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு வேறு உணவு சேர்த்து, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. 'ஆறு மாதத்தில் பால்மறப்பைத் தொடங்குங்கள்' என்று அச்சடித்தால் அதற்கு நேர் எதிராகப் போய்விடும். ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் தாருங்கள்.

ந., மாட்டுங்கா:

அம்மா, 'பால்மறப்பு' இலக்கணத்திலும் இடறுகிறது. மறப்பது குழந்தை, மறக்க வைப்பவள் தாய். கையேடு தாயிடம் பேசுகிறது என்றால் பிறவினை வேண்டும்: பால்மறப்பித்தல்.

ஆனால் சங்க இலக்கியத்திலேயே சொல் இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்? புறநானூறு 77. இளவயதுப் பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கு வந்து நிற்பதை இடைக்குன்றூர் கிழார் பாடுகிறார். கழுத்தில் தாலி இன்னும் கழற்றவில்லை (குழந்தைக்குக் காப்பாக அணிவிக்கும் ஐம்படைத் தாலி), 'பால்விட்டு அயினியும் இன்று அயின்றனனே'. பாலை விட்டு அவன் உணவு உண்டதே இன்றைக்குத்தான். அயிலுதல் உண்ணுதல், அயினி உணவு. ஆலத்தி (ஆரத்தி) நீருக்கு அயினிநீர் என்று ஒரு பெயர் உண்டு, அதுவும் இந்த வேர்தான். என் முன்மொழிவு: 'அயினி தொடங்கல்'. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பல்லாண்டு பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் புதுச்சொல்லை நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

செ., தாராவி (செவிலியர்):

ஐயா, பிள்ளைகள் பிடித்துக்கொள்ளலாம். இது இரவு முழுக்கத் தூங்காத அம்மாவுக்குப் போகிற புத்தகம். 90 அடிச் சாலைச் சந்துகளில் 'அயினி' என்று சொன்னால் மருந்தின் பெயரா என்று கேட்பார்கள்.

அகராதிச் சொல்லை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். எங்கள் பக்கம் 'பால் மறக்கடிச்சாச்சா?' என்றுதான் கேட்பது. கேட்ட உடனே எல்லோருக்கும் தெரியும், வேப்பிலையை அரைத்துக் காம்பில் தடவிப் பாலை நிறுத்துவது. ஏழு மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். எங்கேயோ கொடுத்த ஒரு தாளில் ஆறு மாதத்தில் பால் மறக்கச் செய்ய வேண்டும் என்று படித்துவிட்டு, மாமியாரும் சரி என்று சொல்ல, ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறாள். மார்பு கல்லாகக் கட்டி, ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சல். தொட்டாலே அழுகிறாள். குழந்தைக்கு டின் பால், அதுவும் மாவு சீக்கிரம் தீரக் கூடாதென்று தண்ணீர் அதிகம் விட்டுக் கரைத்தது. அந்தப் பக்கத்திலேயே குழந்தையைப் போட்டுப் பால் கொடுக்கலாம், கொடுத்தால்தான் கட்டு இறங்கும் என்று சொன்னபோது அவள் நம்பவே இல்லை. மருந்து கொடுத்து, கையால் பீய்ச்சி எடுத்து, மறுபடி குழந்தையைப் பிடிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

இங்கே தாய்ப்பால் அல்லாத பாலை இந்திக்காரர்கள் 'ஊப்பர் கா தூத்' என்பார்கள், நம்மவர்களும் 'மேல்பால்' என்கிறார்கள். அதே போக்கில் 'மேலுணவு' என்று வைத்தால் புரியும்.

கு., முலுண்டு:

செ. அக்கா சொல்வது புரிகிறது, ஆனால் 'மேலுணவு' வேண்டாம். இந்தியில் 'ஊப்ரி ஆஹார்' என்பதன் நிழல் அது. அது போகட்டும், பொருள்தான் பயமாக இருக்கிறது. தமிழில் மேல் என்றால் உயர்ந்தது. 'மேலுணவு' என்று படிப்பவர் தாய்ப்பாலைவிட அது உசத்தி என்று நினைத்துக்கொண்டால்? டின் விற்கிறவர்கள் சொல்ல ஆசைப்படுவதும் அதைத்தானே. அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்றுதான் 1992-இலேயே சட்டம் வந்தது. நம் சொல்லே அந்த வேலையைச் செய்யக் கூடாது.

'திட உணவு' பார்த்தேன். கஞ்சியும் கூழும் திடமா? 'இணை உணவு' தமிழ்நாட்டில் புழங்குகிறது, ஆனால் அங்கே அங்கன்வாடியில் தரும் சத்துமாவுப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். 'துணை உணவு' எப்படி?

ஒரு ஐயம், ந. ஐயாவிடம்: 'பால்விட்டு' என்பதைச் சோற்றில் பால் விட்டுப் பிசைந்து உண்டான் என்று கொள்ள முடியாதா?

ந., மாட்டுங்கா:

கொள்ள முடியாது தம்பி. அந்தப் பாட்டு அவன் சிறுவன் என்பதைக் காட்ட அடுக்கிக்கொண்டே போகிறது. கிண்கிணி களைந்தான், குடுமி களைந்தான், தொடி கழித்தான் என்று வரிசையாகக் கழிப்பது, விடுவது. அந்த வரிசையில் பால் பிசைவது ஒட்டாது. ஆனால் 'விட்டு' என்பது முற்றாகத் துறப்பதுதான் என்று கட்டாயமில்லை. 'விட்டுவிட்டு மழை பெய்தது' என்கிறோம். இடைவெளி விட்டு, ஒரு வேளை பால், ஒரு வேளை அயினி. அப்படிக் கொண்டால் உலக நிறுவனம் சொல்வதும் கிழார் சொல்வதும் ஒன்றே.

'துணை' என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. துணை என்றால் ஒப்பு, அளவு. 'தினைத்துணை' என்றால் தினையளவு. வாழ்க்கைத் துணை என்பவள் கணவனுக்குக் கீழே இருப்பவளா? பாலுக்கு உதவியாக வரும் சிற்றுணவு என்ற பொருளை அந்தச் சொல் தராது.

டாக்டர் ம., சயான்:

ஐயா, பாட்டில் இருப்பது போருக்குப் போகிற வயதுப் பையன், நம்மிடம் இருப்பது கழுத்து நிற்கிற வயதுக் குழந்தை. உரையை நீட்டினாலும் 'பால்விட்டு' என்ற இரண்டு சொல் தாயின் காதில் விழக் கூடாது என்பதுதான் என் கவலை.

துணை, இணை இரண்டையும் மருத்துவத்தை வைத்துப் பார்க்கலாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்து வரலாம். இரண்டாம் ஆண்டில்கூட மூன்றில் ஒரு பங்கு. ஆக முதல் ஆண்டில் பால்தான் முதன்மை, உணவு கூட வருவது. ஆனால் அந்த உணவைத் தள்ளிப்போடவும் கூடாது. கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் குறைந்துவிடும், பால் மட்டும் அதை ஈடுகட்டாது. அதனால் 'பால் மட்டும் போதும்' என்று எட்டு மாதம் வரை விடுகிறவர்களும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். சொல் இரண்டு தவற்றையும் தடுக்க வேண்டும்.

கையேட்டில் இதையும் சேருங்கள் வ. அம்மா: உணவு தொடங்கக் குழந்தைக்குத் தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், கரண்டியை நாக்கால் தள்ளாமல் இருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒன்பதிலிருந்து மூன்று நான்கு முறை. பருப்புச் சாதத்தை மசித்தால் கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென்று வழியாத பதம் வேண்டும், தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவவே கூடாது, பாட்டிகள் கேட்டாலும்.

இன்னொன்று. சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார், ஆசியாவிலேயே முதலாவது. அப்படிப்பட்ட பிரிவுகளில் உறிஞ்சத் தெரியாத குறைமாதக் குழந்தைக்குப் பீய்ச்சிய பாலை எதில் புகட்டுகிறார்கள் தெரியுமா? பாலாடையில். ஆங்கில மருத்துவக் கட்டுரையிலும் அதே பெயர்தான். நம் பாட்டி வைத்திருந்த மூக்குள்ள கிண்ணம். யாரும் குழு போட்டு ஆக்கிய சொல் அல்ல.

ந., மாட்டுங்கா:

பாலாடை! மருத்துவர் நல்ல இடத்தைத் தொட்டார். காய்ந்த பாலில் படியும் ஏடும் பாலாடை, புகட்டும் சங்கும் பாலாடை. முதலாவதில் ஆடை உடுப்பது போலப் போர்த்துவது. இரண்டாவதில் ஆடை எங்கிருந்து வந்தது? 'அடை' என்ற வினையிலிருந்தா, பாலை வாயில் அடைப்பதா? அடை நீண்டு ஆடையாவதற்கு விதி காட்ட முடியுமா என்று பார்க்கிறேன். நாளை விரிவாக எழுதுகிறேன்.

வ., செம்பூர்:

ஐயா, அதைத் தனி இழையில் எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறேன். இன்றைக்கு ஞாயிறு. 'துணை உணவு' பக்கம் கு., டாக்டர், நான். செ. அக்கா 'மேலுணவு' என்றார்.

செ., தாராவி:

'மேல்' பற்றி முலுண்டுத் தம்பி சொன்னது சரி. எனக்கு 'துணை உணவு' போதும். ஆனால் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அத்தியாயத் தலைப்பிலேயே 'பாலை நிறுத்த வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பால் மறக்கடிப்பதைக் கடைசி அத்தியாயமாகத் தனியே வையுங்கள். இரண்டு வயதுக்குப் பிறகு, அம்மா விரும்பும்போது, ஒவ்வொரு வேளையாகக் குறைத்து, வேப்பிலை இல்லாமல்.

வ., செம்பூர்:

தலைப்பு இப்போது இப்படி: 'ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு துணை உணவு. பாலை நிறுத்த வேண்டாம்.' கடைசி அத்தியாயம் 'பால் மறக்கடித்தல்', பேச்சு வழக்கிலேயே விட்டுவிட்டேன். காலையில் கோப்பு அச்சகத்துக்குப் போகும்.

ந., மாட்டுங்கா:

பெரும்பான்மை முடிவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. 'அயினி'யைக் கையேட்டின் சொல்லடைவிலாவது ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மேலும், 'துணை உணவு' என்று பிரித்து எழுதாதீர்கள். ஐகாரத்தின் பின் உயிர் வந்தால் யகர உடம்படுமெய். 'துணையுணவு' என்பதே முறை.

செ., தாராவி:

ஐயா, சேர்த்து எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்களுக்கு நாக்கு சிக்கும். வ. அம்மா, தயவுசெய்து பிரித்தே விடுங்கள்.

ந., மாட்டுங்கா:

சேர்த்து எழுதினால்தான் அது ஒரு கலைச்சொல். பிரித்தால் இரண்டு சொல். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.