குடும்பக் குழு: வருடப் பிறப்புக்கு வாத்தியக் கதை

வாணி: பெரியம்மா, வருடப் பிறப்பன்று கோவில் மண்டபத்தில் பிள்ளைகள் காக்கை, நரி, வடைக் கதையை வாத்தியத்தாலேயே சொல்ல வேண்டும் என்றீர்கள். பாட்டே இல்லாவிட்டால் கதை எப்படிப் புரியும் என்று சின்னவள் கேட்கிறாள்.

பெரியம்மா (ரோஸ் ஹில், மொரீஷியஸ்): நாகஸ்வரத்தில் கம்பீர நாட்டை மல்லாரி கேட்டதும், சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று யாரும் சொல்லாமலே நாம் எழுந்து நிற்கிறோம் அல்லவா? ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936இல் சிறுவர்களுக்காகவே எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' இசைக்கதையில் குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், சிடுசிடுக்கும் தாத்தாவுக்குப் பஸ்ஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள் என ஆளுக்கொரு வாத்தியமும் மெட்டும் உண்டு. அந்த மெட்டுகளை முதலில் தனித்தனியே கேட்க வைத்துவிட்டால், ஓநாய் விழுங்கிய வாத்தின் ஓபோ கடைசியில் ஒலிக்கும்போது, கதைசொல்லி வாயே திறக்காவிட்டாலும், வாத்து வயிற்றுக்குள் உயிரோடிருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சின்ன மாமா: சிடுசிடுக்கும் வாத்தியத்தை நம் வீட்டில் யார் வாசிப்பது என்று கேட்கவே வேண்டாம், அக்கா.

குமார்: காக்கைக்குப் புல்லாங்குழலா, பெரியம்மா?

பெரியம்மா: குழலில் வாசித்தால் காக்கை குயிலாகிவிடும். குழல் நரிக்கு, அது நயமாக, இழைந்து புகழ வேண்டும். காக்கைக்கு வயலின், வில்லை அழுத்திக் கரகரவென்று இரண்டு இழுப்பு. புகழ்ச்சியில் மயங்கிய காக்கை நரியின் மெட்டையே வாசிக்க முயன்று பாதியில் பிசிறடிக்கும்போது, ரவான் மேளத்தில் ஒரே ஓர் அடி விழ வேண்டும், வடை விழுந்துவிட்டது. பிறகு அதே நரி மெட்டை இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில் வாசித்தால், வடையோடு ஓடுவது தெரியும்.

குமார்: கோவில் மண்டபத்தில் செகா ஆட்டத்துக்கு அடிக்கும் வாத்தியமா?

பெரியம்மா: ஓர் அடிக்குக் கோவில் தீட்டுப்படாது.

வாணி: எங்கள் வீட்டு ரவான் ஆட்டுத்தோல். தீயில் காட்டினால்தான் நாதம் எழும். மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள்.

குமார்: வெளியே சூடேற்றிக்கொண்டு ஓடி வரலாம்.

பெரியம்மா: அதை நீ பார்த்துக்கொள். தம்பி, அப்பாவின் வயலின் எத்தனை வருடமாக உன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது?

சின்ன மாமா: அப்பா அதை என் கையில்தான் கொடுத்தார், அக்கா. தந்திகளும் அறுந்திருக்கின்றன. மாமியைக் கேட்டுச் சொல்கிறேன்.

பெரியம்மா: தந்தி நான் வாங்கித் தருகிறேன்.

வாணி: ஞாயிறு மூன்று மணிக்குப் பிள்ளைகளை அழைத்து வரவா?

குமார்: அன்று மதியம் ஏழு கறி விருந்து இருக்கிறதே.

பெரியம்மா: அப்படியானால் சனிக்கிழமை நரியும் ரவானும் மட்டும் வரட்டும். காக்கையைப் பற்றித் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.