பாட்டிக்கு நாலு பக்கக் கடிதம், ரெண்டு போட்டோ: ₹5 ஸ்டாம்ப் போதுமா?

நீலமை:
பெங்களூருல இருந்து தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்துக்குத் தபால் அனுப்பணும். ஏ4 தாள் ரெண்டு, முன்னும் பின்னும் எழுதி நாலு பக்கம். கூட 4x6 போட்டோ ரெண்டு. இன்லேண்ட் லெட்டருக்குள்ள வச்சு ஒட்டலாமா, கவர்தான் வேணுமா? முகவரி தமிழ்ல இருந்தா போய்ச் சேருமா? பாட்டிக்குக் கண் மங்கல், எழுத்து பெருசா வேணும்.

தராசுமுள்:
இன்லேண்டுக்குள்ள எதுவும் வைக்கக் கூடாதுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். கவர்தான்.

20 கிராம் வரை ₹5, அதுக்கு மேல ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு ₹5. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்னு 5 கிராம். ரெண்டு தாள் 10, கவர் 4 இல்ல 5. போட்டோ பேப்பர் கனம், ஒன்னே கிட்டத்தட்ட 4 கிராம் வரும். கூட்டினா 22, 23. ₹5 பத்தாது. ஸ்டாம்ப் அச்சடிச்ச ₹5 கவர் வாங்கி, பக்கத்துல இன்னொரு ₹5 ஸ்டாம்ப் ஒட்டுங்க. குறைச்சு ஒட்டினா குறைஞ்சதுல ரெண்டு பங்கை வாங்குறவங்ககிட்ட வசூலிப்பாங்க. ₹5 மிச்சம் பிடிக்கப் போய் பாட்டி ₹10 கொடுக்கணும்.

₹10 ஒட்டினா 40 கிராம் வரை போகலாம்ல, அப்புறம் ஏன் தாள்ல கஞ்சத்தனம்? நாலு தாள்ல ஒரு பக்கம் மட்டும் பெருசா எழுதுங்க. பால்பாயிண்ட் அழுத்தினா பின்பக்கம் தடம் விழும், கண் மங்கினவங்களுக்கு அதைப் படிக்கிறது பெரும்பாடு.

கிளைஅஞ்சல்:
தமிழ்ல தாராளமா எழுதலாம். ஆனா பெங்களூருல பிரிக்கிறவங்களுக்காக மாவட்டம், மாநிலம் ரெண்டையும் ஆங்கிலத்துலயும் எழுதுங்க. பின்கோடு எப்பவும் 6 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 6-ல தொடங்கும்.

பலர் தப்பு பண்றது இங்கேதான்: பின்கோடு கடிதத்தைப் பெரிய அஞ்சலகம் வரைதான் கொண்டுபோகும். அதே எண்ணுல பல கிராமங்கள் இருக்கும். ஊர் பேருக்குக் கீழே "... அஞ்சல்"னு கிளை அஞ்சலகத்துப் பேரை எழுதணும், அது ஊர் பேராவே இருக்கணும்னு இல்ல. பாட்டி பேரோட க/பெ போட்டு தாத்தா பேர், தெரு. வீட்டு எண் இல்லேன்னா "பிள்ளையார் கோயில் எதிரில்"னு எழுதினாலே தபால்காரருக்குப் புரியும். அனுப்புநர் முகவரி கண்டிப்பா வேணும், இல்லேன்னா திரும்பி வர வழியில்ல.

ஈரக்கோந்து:
முகவரிக்கு ஜெல் பேனா வேண்டாம், ஒரு தூறல் பட்டா ஊறிடும். மேல செல்லோடேப் ஒட்டிக்கலாம். ஸ்டாம்ப் மேல மட்டும் ஒட்டாதீங்க, முத்திரை மை பிடிக்காது. போட்டோவைத் தாள் மடிப்புக்குள்ள வைங்க, பின்னால பேரைப் பென்சில்ல எழுதுங்க. ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். கோந்தை மெல்லிசா தடவுங்க. வழிஞ்சா உள்ள இருக்குற தாளும் சேர்ந்து ஒட்டிக்கும், பிரிக்கும்போது கிழியும்.

நீலமை:
நன்றி. போய்ச் சேர்ந்ததான்னு தெரிஞ்சுக்க ரிஜிஸ்டர் பண்ணலாமா?

கிளைஅஞ்சல்:
பதிவுத் தபாலை 2025-ல ஸ்பீடு போஸ்டோட சேர்த்துட்டாங்க. வேணும்னா கவுண்டர்ல ஸ்பீடு போஸ்ட் போடுங்க, கண்காணிப்பு எண் கிடைக்கும். சாதாரணக் கடிதம்னா பெட்டியில எழுதியிருக்குற எடுக்கும் நேரத்தைப் பாத்துப் போடுங்க.