கேத்தி பர்க் நடிப்பைக் குறைத்துக்கொண்டது நமக்கு இழப்புதானே?

கதிரவன்:
பிரிட்டிஷ் நடிகை கேத்தி பர்க்கை நினைத்தால் எனக்கு ஆதங்கம்தான் மிஞ்சுகிறது. கேரி ஓல்ட்மேன் இயக்கிய ‘நில் பை மவுத்’ படத்துக்காக 1997-ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். அதில் அவர் நடித்த வேலரி, கணவனிடம் அடிபட்டு முகமெல்லாம் வீங்கி, கார் மோதிவிட்டதாகத் தன் அம்மாவிடம் பொய் சொல்லும் காட்சி ஒன்று போதும், அவர் எப்பேர்ப்பட்ட நடிகை என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் 1999 முதல் 2001 வரை ‘கிம்மி கிம்மி கிம்மி’ நகைச்சுவைத் தொடரில் லிண்டாவாகக் கலக்கினார். அப்புறம் நடிப்பைக் குறைத்துக்கொண்டு நாடகம் இயக்கப் போய்விட்டார். லண்டனில் சில வாரம் நடந்து முடிந்த நாடகத்தை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

தேன்மொழி:
விருது வாங்கிய பிறகு திடீரென்று பாதை மாறியவர் போல எழுதியிருக்கிறீர்கள் கதிரவன். உண்மை அப்படி இல்லை. 1990-லேயே ‘மிஸ்டர் தாமஸ்’ என்ற நாடகத்தை அவரே எழுதி, இஸ்லிங்டனில் ஓல்ட் ரெட் லயன் என்ற சிறிய அரங்கில் அவரே இயக்கினார். அதில் நடித்தவர் யார் தெரியுமா? ரே வின்ஸ்டன். ஏழு வருடம் கழித்து ‘நில் பை மவுத்’ படத்தில் அவருக்குக் கணவனாக வந்த அதே மனிதர். கானுக்கு முன்பே அவர் இயக்குநர். டிவியில் நகைச்சுவை நடிகர் ஹாரி என்ஃபீல்டோடு வெய்னெட்டா என்ற பாத்திரமாக அவர் வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். நமக்குத் தெரிந்தது டிவி முகம் மட்டும், அவ்வளவுதான்.

கதிரவன்:
சரி, அந்த வரிசையைத் தெளிவுபடுத்தியதற்கு நன்றி. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல நாடக இயக்குநர்கள் லண்டனில் நிறையப் பேர் உண்டு. வேலரியாக நடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

மாறன் அ.:
வேலரி மாதிரி இன்னொரு வேடம் அவருக்கு எத்தனை முறை வந்திருக்கும் என்று யோசியுங்கள். பதின்ம வயதுப் பையன் பெர்ரியாகவும் நடித்தார், சேகர் கபூரின் ‘எலிசபெத்’ படத்தில் மேரி ராணியாகவும் நடித்தார். அவ்வளவு வீச்சு இருந்தும், உழைக்கும் வர்க்கத்து லண்டன் பேச்சு உள்ள ஒரு பெண்ணை அந்தத் துறை பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் கூப்பிடும். இயக்குநர் நாற்காலியில் எந்த நாடகம், யார் நடிப்பது என்பதில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

தேன்மொழி:
ஆமாம், அவர் தேர்ந்தெடுத்தவற்றைப் பாருங்கள். 2003-ல் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் டெபி டக்கர் கிரீனின் ‘பார்ன் பேட்’. ஒரு கறுப்பினக் குடும்பம் மூடி மறைத்ததை மகள் வாய்விட்டுக் கேட்கும் நாடகம். எழுதியவர் அப்போதுதான் கவனம் பெறத் தொடங்கியிருந்தார். அடுத்த வருடம் பிரெண்டன் பீஹனின் ‘தி குவேர் ஃபெல்லோ’. தூக்குக்கு முந்தைய இரவில் ஒரு ஐரிஷ் சிறை. 2013-ல் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியைப் பற்றிய ‘ஒன்ஸ் எ கத்தோலிக்’. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். யாரோ நீட்டிய வேலையை வாங்கிக்கொண்டவர் இப்படியெல்லாம் செய்வாரா? ‘கிம்மி’யில் பார்வையாளர்கள் முன்னால் நடித்தபோது, எந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று பழகியவர். 2018-ல் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தை ஜெனிபர் சாண்டர்ஸை வைத்து இயக்கும்போது அந்தப் பழக்கம் அவருக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கும்!

கதிரவன்:
அவர் தேர்வுகள் மேல் எனக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. அதற்காக ஆதங்கம் போய்விடாது, அக்கா. 2011-ல் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ படத்தில் கோனி சாக்ஸாகச் சில நிமிடம்தான் வருகிறார். அந்தச் சில நிமிடமும் கண் அவரை விட்டு நகரவில்லை. இன்னும் பத்துப் படமாவது நடித்திருக்க வேண்டும் என்பேன்.

மாறன் அ.:
பத்துப் படம் கேட்கிறீர்கள். எழுதிக் கொடுப்பது யார், கதிரவன்?